தார்ன்வெல் பிரபுவும் ஜான்-டலோன் கத்தரிக்காயும்

இங்கிலாந்துப் பிரபு வம்சம் ஒன்று கடைசியில் பன்றித் தொழுவத்தில் போய் முடிகிறது என்ற செய்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மாண்ட்ரியலில் இறங்கினேன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டார். "ஒருவருடைய முப்பாட்டனாரைப் பற்றிப் பேச" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டார்.

எங்கள் பிழைப்பு அப்படி. மயிலாப்பூரில் ஒரு மாடியில் அலுவலகம், கீழே மெஸ். வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய இங்கிலாந்து மூதாதையரைத் தேடிக் கொடுப்பது வேலை. மத்தியகாலத்து லத்தீன் கிறுக்கலைப் படிக்க நாங்கள் சிலர் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறோம். சாம்பார் தாளிக்கும் வாசனை மேலே வர, எந்தப் பிரபுவின் மகன் எந்தச் சண்டையில் செத்தான் என்று தேடிக்கொண்டிருப்போம். ஆண்டவர்களின் குலம் கோத்திரத்தை ஆளப்பட்டவர்கள் உட்கார்ந்து சரிபார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்த முறை வாடிக்கையாளர் எட்கர் தார்ன்வெல். எண்பதை நெருங்குகிறவர், காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தார்ன்வெல் பிரபுவின் நேர் வாரிசு நாம் என்று அவருடைய தாத்தா அப்பாவுக்குச் சொல்லி, அப்பா இவருக்குச் சொல்லி, வாழையடி வாழையாக நம்பி வந்த குடும்பம். நாங்கள் அதை உறுதிசெய்ய வேண்டும். எங்களில் ஒருவர் நேரில் போய், அவர் வீட்டு ஞாயிறு விருந்தில் நண்பர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முடிவு தெரிந்ததும் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சுகந்தி, நீங்கதான் பக்குவமா பேசுவீங்க. பொய் சொல்லக் கூடாது. ஆனா பெரியவர் மனசும் நோகக் கூடாது" என்றார்.

"ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, சார்."

"டிக்கெட் போட்டாச்சு" என்றார். சான்றிதழில் எட்கரின் பெயரை அழகாக அச்சடித்து, முத்திரையும் வைத்து, அதற்குக் கீழே 'இன்னாரின் வழிவந்தவர்' என்று எழுத வேண்டிய வரியை மட்டும் காலியாக விட்டு என் கையில் கொடுத்தார்.

தங்கியது டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில், யோகம் அக்கா என்ற யாழ்ப்பாணத்து அம்மாள் வீட்டு பேஸ்மென்டில். வாடகை அறைதான், ஆனால் பெட்டியை இறக்கும் முன்பே இடியப்பமும் சொதியும் மேஜைக்கு வந்துவிட்டன. கூடவே விசாரணையும் வந்தது.

"இந்தியாவிலை எந்த இடம், பிள்ளை?"

"சென்னைங்க."

"சென்னைக்கு முதல்?"

"கும்பகோணம் பக்கம்."

"அதுக்கு முதல்?"

அதற்கு முதல் எனக்குத் தெரியாது. ஊரார் வம்சத்தையெல்லாம் அறுநூறு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறவள், என் தாத்தாவின் அப்பாவோடு நின்றுவிட்டேன். யோகம் அக்கா முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சொதியை இன்னொரு கரண்டி ஊற்றி என்னை மன்னித்தார்.

வெள்ளிக்கிழமை எட்கரைப் பார்க்கப் போனேன். அவர் வீடு வடக்கே அஹுன்ட்சிக்கில். இந்த ஊர் மெட்ரோவின் ஆரஞ்சுப் பாதை நம்முடைய 'ப' எழுத்தைப் போல இருக்கிறது. பஸ் என்னை 'ப'வின் இடது கொம்பில் இறக்கிவிட்டது. நான் போகவேண்டியது வலது கொம்புக்கு. கொம்புக்குக் கொம்பு தாவ வழியில்லை. கீழே இறங்கி, ஊர் நடுவைச் சுற்றி, மறுபடி மேலே ஏற வேண்டும். ரயில் கிளம்பும்போதெல்லாம் மூன்று ஸ்வரம் பாடுகிறது. அந்தத் தாலாட்டில் தூங்கிப்போய், கண் விழித்தால் ரயில் ஆற்றைத் தாண்டி வேறு ஊரில் நிற்கிறது. பக்கத்திலிருந்த பெண்மணி, "நீங்கள் எங்கே இறங்க வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "அது அப்போதே போய்விட்டதே. குறட்டை நன்றாக இருந்தது, எழுப்ப மனசு வரவில்லை" என்றார். சென்னையில் என்றால் தோளைத் தட்டி எழுப்பி, எங்கே போகணும், யார் வீட்டுக்கு என்றும் விசாரித்திருப்பார்கள்.

எட்கர் வாசலிலேயே நின்றிருந்தார். லண்டனிலிருந்து கோட்டு போட்ட ஆள் ஒருவரை எதிர்பார்த்திருக்கிறார் போல. பட்டுப்புடவையும் அதன்மேல் யோகம் அக்கா மகனின் குளிர் ஜாக்கெட்டுமாக நான் நின்றதை ஒரு கணம்தான் பார்த்தார். உடனே குனிந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மனுஷர் நல்லவர் என்று அப்போதே பட்டது. அதுதான் எனக்குச் சங்கடமாகவும் போய்விட்டது.

கணப்பறையில் நெருப்புக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார். கீழே துணி போர்த்திய ஒரு மரக் கேடயம். துணியை எடுத்தார். பச்சை நிறத்தில் மூன்று வெள்ளை நாரைகள்: தார்ன்வெல் பிரபுவின் சின்னம். ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்து முடித்ததும் அதை மாட்ட வேண்டும். கர்லிங் நண்பர்கள் வருகிறார்கள். கர்லிங் என்பது பனிக்கட்டியின்மேல் கல்லைத் தள்ளிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடும் விளையாட்டு. நம் ஊரில் அதை வேலை என்பார்கள்.

"உங்கள் மனைவி?" என்று கேட்டேன்.

"ஜினெட் வெளியே போயிருக்கிறாள்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். நான் அங்கே போனதில்லை. தார்ன்வெல்கள் தராசு பிடித்ததில்லை என்று அப்பா சொல்வார்" என்றார். கல்யாணமாகி நாற்பது வருஷமாம். அத்தனை வருஷமும் ஜினெட் இவருடைய பிரபு வம்சத்தைக் கேலி செய்துகொண்டிருக்கிறாராம். ஜினெட், பிரெஞ்சு பேசும் இந்த கியூபெக் மாகாணம் தனி நாடாக வேண்டும் என்கிற கட்சி. டாலர் நோட்டில் இருக்கும் இங்கிலாந்து ராணியின் முகத்தை உள்பக்கமாக மடித்துத்தான் பர்சில் வைப்பாராம். "ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கொஞ்சம் வாயை மூடுவாள்" என்று எட்கர் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அன்று சாயங்காலம் யோகம் அக்காவின் சமையலறையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எத்தனை நேரம்தான் ஒருத்தி தனியாகச் சுமப்பது?

தார்ன்வெல் என்பது ஓர் ஊர். ஊருக்கு ஒரு பிரபு. அதே ஊரில் ஜான் என்று ஒருவன் பன்றி வளர்த்தான். பன்றிகள் பிரபுவின் கோதுமையில் இறங்கின. அபராதம் போட்டார்கள். ஜான் அபராதத்தையும் கட்டாமல் பன்றிகளையும் விடாமல் பக்கத்து மாவட்டத்துக்கு ஓடிப்போனான். அங்கே அவனைத் தார்ன்வெல்லிலிருந்து வந்த ஜான் என்றார்கள். எட்கரின் குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான். மதுரைக்காரர் ஒருவர் சென்னைக்கு வந்து, பெயருக்கு முன்னால் மதுரை என்று போட்டுக்கொண்டு, பேரன் காலத்தில் நாங்கள் பாண்டிய வம்சம் என்றால் எப்படியோ, அப்படி.

யோகம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? எங்கட ஊரிலை உது சும்மா செய்யிற வேலை. ஒரு கலியாணப் பேச்செண்டா ஏழு தலைமுறையைக் கிண்டுவினம்."

"இன்னும் இருக்கு அக்கா. நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்."

தப்பு இதுதான். வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு அப்பா, தாத்தா என்று நேராகப் போவார்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் குடும்பப் பெயரே கிடையாது; இனிஷியல்தான். அதனால் ஒரு குடும்பத்தை எடுத்தால், பெண்களை எங்கே கொடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்றுதான் கை தானாகப் போகும். பிரபுவின் மகள்களைத் தேடினோம். ஒருத்தியை, சண்டைக்குப் போன இடத்தில், பிரான்சின் நார்மண்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வழியில் வந்த ஓர் ஏழைப் பெண், பிரெஞ்சு ராஜாவின் செலவில் கப்பலேறி, பெண்ணில்லாத இந்தக் குடியேற்றத்துக்குக் கல்யாணம் செய்துகொள்ள வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டையும் பார்த்துவிடுவோமே என்று, யாரும் கேட்காமலே ஜினெட்டின் பக்கத்தையும் தேடினோம். அது நேராக அந்தக் கப்பல் பெண்ணிடம் போய் நின்றது. அதில் ஆச்சரியமும் இல்லை. அவளுக்குப் பிள்ளைகள் ஏராளம். இந்த மாகாணத்தில் அவள் வழி வராதவர்களைத்தான் தேட வேண்டும்.

யோகம் அக்கா சிரிப்பை நிறுத்தினார். "அப்ப, பிரபு வம்சம் மனிசிதானோ?"

"ஆமாங்க."

"மரக்கறிக் கடை மனிசி?"

"அவங்களேதான்."

"நாளைக்கு நானும் சந்தைக்கு வாறன்" என்றார்.

அக்டோபர் ஆரம்பத்தில் ஜான்-டலோன் சந்தையைப் பார்த்தால் கோயம்பேட்டுக்காரர்களுக்கே கண்ணைப் பறிக்கும். குடைமிளகாயைச் சிவப்பு, மஞ்சள் என்று அலங்காரமாக அடுக்கியிருக்கிறார்கள். தக்காளியைக் கூடைகூடையாகக் காரில் ஏற்றுகிறார்கள். ஆனால் யாரும் கத்துவதில்லை. சந்தையில் இத்தனை அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

ஜினெட்டின் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. "வாங்கோ அக்கா, கத்தரிக்காய் நல்லம்" என்று தமிழில் குரல் வந்தது. எழுபதைத் தாண்டிய உயரமான அம்மாள், காதில் பென்சில். யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர்கள் கற்றுக்கொடுத்த தமிழாம். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் இல்லை. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நான் யாரென்று சொன்னதும் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு பெட்டிமேல் உட்காரவைத்தார். யோகம் அக்கா கத்தரிக்காய்களை அமுக்கிப் பார்ப்பதில் இறங்கிவிட்டார்.

"அவர் பிரபு இல்லை, அப்படித்தானே?" என்றார் ஜினெட்.

நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது.

"நாளைக்கு அவர் பிரபு என்று வாசித்துவிடுங்கள்."

"நீங்களே கேலி செய்வீர்களாமே?"

"நாற்பது வருஷமாகச் செய்கிறேன். அது என் வேலை. மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகினார். "ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷர் சுருங்கிப்போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்."

பொய் எழுதித் தர முடியாது என்று சொன்னேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க முடியாமல் இரண்டாவது செய்தியையும் சொல்லிவிட்டேன்.

ஜினெட் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். இந்த ஊர்ப் பிரெஞ்சில் கெட்ட வார்த்தையெல்லாம் தேவாலயத்துப் பாத்திரங்களின் பெயர்கள். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் போட்டு, பூஜை அலமாரியையே காலி செய்தார். "நான் இங்கிலீஷ் பிரபு வம்சமா? என் தம்பிக்குத் தெரிந்தால் வீட்டு வாசல் மிதிக்கமாட்டான். கட்சிக் கூட்டத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? யாரிடமும் மூச்சு விடக் கூடாது."

ஆக, பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையில் பாதியையும் சொல்லக் கூடாது. நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

மாலை யோகம் அக்கா என்னை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று கேட்டார். நான் விழித்தேன். "சிவ கோத்திரம் எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றார் யோகம் அக்கா. கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதான்; ஐயர் மணியை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை சுலபமான வழி இங்கிலாந்துக்காரர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எட்கருக்காகவும் ஒரு கும்பிடு போட்டேன்.

ஞாயிறு விருந்துக்கு இரண்டு கர்லிங் நண்பர்களும் மனைவிமாரும் வந்திருந்தார்கள். ஜினெட்டின் தம்பி காரில் கியூபெக்கின் நீலக் கொடி கட்டிக்கொண்டு வந்தார். மச்சானின் கூத்தை வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். மேஜையில் பன்றிக்கறி அடை, பன்றி வறுவல். நான் சைவம் என்றதும் பீன்ஸைக் காட்டினார்கள்; அதிலும் பன்றிக் கொழுப்பு. தார்ன்வெல் கோதுமையில் மேய்ந்த பன்றிகளெல்லாம் பந்திக்கு வந்துவிட்டனவோ என்று தோன்றியது. ரொட்டியைத் தின்றுகொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.

எட்கர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "வாசியுங்கள், அம்மா" என்றார்.

வாசித்தேன். எவ்வளவோ மெதுவாகத்தான் வாசித்தேன். ஜான், பன்றிகள், கோதுமை, அபராதம், ஓட்டம். முதலில் தம்பிதான் சிரித்தார். அடுத்து ஒரு நண்பரின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். எட்கர் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். பிறகு போய், கேடயத்தின்மேல் துணியை மறுபடி போர்த்தி, ஓரங்களை இழுத்துவிட்டார். "ஒன்றுமில்லை. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்" என்றார். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"திருப்பிக் கொடுக்க அது உன்னுடையதில்லை" என்றார் ஜினெட்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் தம்பியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "இரண்டாவது தாளையும் வாசியுங்கள்" என்றார்.

நார்மண்டி வரை வாசிக்கும்போதே தம்பியின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. கப்பல் பெண்ணுக்கு வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்படியென்றால் நானுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேவாலயத்துப் பாத்திரங்கள் மறுபடி பறந்தன. இந்தக் குடும்பத்தில் அலமாரி ஒன்றுதான் போலிருக்கிறது.

ஜினெட் எழுந்து போய்க் கேடயத்தின்மேல் இருந்த துணியை உருவி எடுத்தார். "நாரை லட்சணமாகத்தான் இருக்கிறது. இதை மாட்டத்தான் போகிறோம். எங்கே என்று நான் சொல்வேன். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வா."

"எங்கே?" என்றார் எட்கர்.

"என் சீமைக்கு."

தம்பி கொடியோடு சீக்கிரமே கிளம்பிவிட்டார். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஜினெட் ஜன்னலில் நின்று அந்தக் கார் தெருக்கோடி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரவு எனக்கு விமானம். வழியில் சாப்பிடக் கத்தரிக்காய்ப் பொரியல் கட்டித் தருகிறேன் என்று யோகம் அக்கா என்னையும் சந்தைக்கு இழுத்துப் போனார். ஜினெட்டின் கடையில், குடைமிளகாய் வரிசைக்கு மேலே மூன்று நாரைகள் தொங்கின. கொஞ்சம் சாய்வாக. அதன் கீழே, கோட்டின்மேல் ஏப்ரன் கட்டி, எட்கர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. தராசில் எண் நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

யோகம் அக்கா என் காதருகே குனிந்தார். "ஆர் உந்தக் கிழவர்? முந்திக் காணேல்லையே. ஆற்றை ஆள்?"

"ஜினெட்டோட வீட்டுக்காரர், அக்கா."

அந்த அம்மாள் என்ன கேட்டார் என்று எட்கர் என்னிடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் யாருடைய ஆள் என்று விசாரிப்பது வழக்கம் என்று விளக்கி, நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காட்டிய சான்றிதழில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறதே."

"இருக்கிறது."

"அதையே எழுதிவிடுங்கள்."

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு சான்றிதழ் எழுதியதில்லை. முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஜினெட்டிடம் பென்சில்தான் இருந்தது. கைப்பையிலிருந்து சான்றிதழையும் பேனாவையும் எடுத்து, தக்காளிப் பெட்டியின்மேல் வைத்து எழுதினேன். எட்கர் தார்ன்வெல், ஜினெட்டின் கணவர். ஜினெட் எட்டிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயப் பெட்டி என்று அவராகவே சொன்னார்.

யோகம் அக்கா ஒரு கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து நீட்டினார். "உது முத்தல். மாத்தித் தரச் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எட்கர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். குவியலில் தேடி, இளசாக ஒன்றை எடுத்து மனைவியிடம் காட்டினார். அவர் தலையசைத்த பிறகுதான் பையில் போட்டார்.